கிட்னி மாற்றியவருக்கு வயிற்றால் போனால்

கேள்வி: அண்ணனுக்கு கிட்னி மாற்று ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் தண்ணியாக வயிற்றால் போனது. காய்ச்சல் இல்லாததால் மெடிக்கலில் லோபெரமைடு வாங்கிக் கொடுத்தோம், நின்றுவிட்டது. இப்போது பழங்கஞ்சியும் சிப்பியும் கேட்கிறார். மைனி கொடுக்கப் பயப்படுகிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, குளச்சல்

பதில்: சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த மாத்திரை. காய்ச்சல் இல்லை என்பதை இவர் விஷயத்தில் நம்பவே கூடாது. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க இவர்கள் சாப்பிடும் மருந்துகளே, அதிலும் ஸ்டீராய்டு, காய்ச்சலை வெளியே காட்டாமல் அமுக்கிவிடும். நம் வயிற்றை நாலைந்து நாள் கலக்கிவிட்டுப் போகிற சால்மோனெல்லா என்ற கிருமி, இவருக்குக் குடலைத் தாண்டி ரத்தத்திலேயே கலந்துவிடலாம். ரத்தமோ சளியோ கலந்து போகும்போது லோபெரமைடு போட்டு அடைத்தால் கிருமியின் நஞ்சும் உள்ளேயே தங்கும். இன்னொன்று, கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைச் சாப்பிடுகிறார் என்றால் பேதியின்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். நீர் வற்றிப்போன கிட்னிக்கு அது இரட்டை அடி. அதற்காக நீங்களாகவே மருந்தைக் குறைத்துவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து.

பேதி நின்றுவிட்டாலும் இன்றைக்கே கிட்னி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், ரத்தத்தில் மருந்தின் அளவும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்குப் பின்னால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற கிருமி குடலில் தலைதூக்கலாம். சானிடைசருக்கு அதன் வித்துகள் சாகாது, வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

சரி, பழங்கஞ்சி. வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியே இருக்கிற சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகலாம், அது விடுகிற நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. புதிதாக வைத்த சுடுகஞ்சியும் பயறும் கொடுங்கள்.

சிப்பி ஆசை நியாயமானதுதான், குளச்சல்காரரிடம் அதை ஒரேயடியாக விடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் கடல் தண்ணியை வடிகட்டித் தின்கிற உயிர் என்பதால் விப்ரியோ போன்ற கிருமிகள் அதில் சேர்ந்திருக்கும். அவிக்கும்போது வாய் திறந்ததும் இறக்கிவிடுவோமே, இவருக்கு அது போதாது. திறந்த பிறகும் 5 நிமிடம் கொதிக்கட்டும், திறக்காததை எறிந்துவிடுங்கள். அதுவும் டாக்டர் வயிறு சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான்.

கிணற்றுத் தண்ணி என்றால், நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கக்கூஸ் குழி பக்கத்தில் இருந்தால் கலப்பதற்கு நேரமாகாது. தெளிவாகத் தெரிந்தாலும் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணியை மட்டுமே கொடுங்கள், பல் தேய்க்கவும் அதுதான்.