திறன் பலகைக்கு முன் மின்பட்டியலைப் பாருங்கள்

கேள்வி: நிலாவெளியை அண்டிய எமது மாகாணப் பாடசாலையில் கணினிகளில் பாதி இயங்குவதில்லை. ஆசிரியர்கள் திறன் பலகை (தொட்டு எழுதக்கூடிய ஸ்மார்ட் போர்ட்) கேட்கின்றனர். கனடாவிலுள்ள பழைய மாணவர்கள் பாவித்த கணினிகளை அனுப்பத் தயாராக உள்ளனர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கிலோ பெரிதாக எதுவுமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மின்பட்டியலிலிருந்து தொடங்குங்கள். பொருள் வாங்கித் தருவதற்கு எவராவது கிடைப்பார். அதை மூன்றாம் ஆண்டிலும் இயங்கவைக்கும் செலவை ஏற்பவர் அரிது. 100 வாட் மேசைக்கணினிகள் 20, நாளுக்கு 4 மணிநேரம், மாதத்தில் 20 நாட்கள் இயங்கினால் 160 அலகு மின்சாரம் செலவாகும். 40 வாட் மடிக்கணினிகளாயின் 64 அலகு போதும். ஆகவே அபிவிருத்திச் சங்கத்தின் சிறிய நிதியைக் கருவி வாங்கக் கரைக்காமல், மின்கட்டணத்துக்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

கனடாவிலிருந்து பொருளைவிடப் பணமாக வருவதே நல்லது. அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கு 230. மடிக்கணினிகளின் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும், அச்சுப்பொறிகள் பல தாங்கா. மேலும் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி நிறுவ முடியாது. திருகோணமலை நகரிலேயே வாங்கினால் உத்தரவாதமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். உங்களிடம் கிடக்கும் பழையவற்றையும் உடனே கழித்துவிட வேண்டாம்: வன்தட்டுக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸின் இலகுவான வகை ஒன்றை நிறுவினால், அவற்றுள் சில தட்டச்சுக்கும் பாடப் பயிற்சிக்கும் நன்றாகவே உதவும்.

திறன் பலகையை இப்போதைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பெரிய தொலைக்காட்சி ஒன்றை எச்.டி.எம்.ஐ. வடத்தால் மடிக்கணினியுடன் இணைத்தால், தொட்டு எழுதும் வசதியைத் தவிர ஏறத்தாழ எல்லாம் கிடைக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகள் அறைகளைப் புதுப்பிக்கும்போது கழற்றும் தொலைக்காட்சிகளை எழுத்துமூலம் கேட்டுப் பாருங்கள். ஆனால் விடுதிப் பாவனைக்கென அமைப்புகள் பூட்டப்பட்டவையும் அவற்றுள் இருக்கும் என்பதால், எச்.டி.எம்.ஐ. வழி படம் தெரிகிறதா என்று அங்கேயே சோதித்த பின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வலயக் கல்விப் பணிமனையூடாக வரும் தர உள்ளீட்டு நிதியில் (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கென அரசு பாடசாலைகளுக்கு வழங்கும் நிதி) எவற்றை வாங்கலாம் என்பதை நடைமுறையிலுள்ள சுற்றறிக்கையைப் பார்த்து உறுதிசெய்து, தேவையை வருடாந்தத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். இடையில் கொடுக்கும் கோரிக்கை பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும். மென்பொருளுக்கும் பாட உள்ளடக்கத்துக்கும் செலவு தேவையில்லை: ஆவணங்களும் அட்டவணைகளும் தயாரிக்க உதவும் லிப்ரே ஒபிஸ் இலவசம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் உள்ளன, பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாச் செலவும் குறையும்.

கடற்காற்றின் உப்பு உங்கள் பகுதியில் மின்சுற்றுகளை விரைவில் அரிக்கும். கதவுள்ள அலுமாரிக்கும் மின்னழுத்தச் சீராக்கிக்குமான செலவை நன்கொடைக் கோரிக்கையிலேயே எழுதுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் அதிபரின் கையொப்பத்துடன் பொருட்பதிவேட்டில் பதிந்து, தவணைக்கொருமுறை அது எத்தனை பாடவேளை பயன்பட்டது, எதைத் திருத்தினீர்கள் என்ற விபரத்தை நன்கொடையாளருக்கு அனுப்புங்கள்.