ஏசாவின் வேட்டை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஈசாக்கு, ரெபெக்காள் தம்பதியின் இரட்டைப் பிள்ளைகளான ஏசா, யாக்கோபு கதை உறுத்துகிறது. ஏசா வேட்டைக்காரன் என்பதே அவன் குற்றம் என்பதுபோல எங்கள் சபைப் பிரசங்கங்களில் பேசுகிறார்கள். முரடன், வயிற்றுக்கு அடிமை, ஒருவேளைக் கூழுக்கு சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனின் உரிமையை, தம்பி யாக்கோபுக்கு விற்றவன். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இதை வேட்டைச் சமூகத்தை மேய்ச்சல் சமூகம் வென்ற கதை என்று விளக்கினார். ஒரு நண்பரோ, உண்மையான வேட்டைக்காரன் யாக்கோபுதான், ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு ஏசாவைப்போல வந்து கண் தெரியாத தகப்பனைப் பிடித்தான், அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டான் என்கிறார். வேட்டை இந்தக் கதைக்குள் எதற்காக வருகிறது?

ஜே.

அன்புள்ள ஜே.,

பேராசிரியரின் விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, கதைக்குத்தான் பொருந்தவில்லை. ஈசாக்கின் வீடு வேட்டையை நம்பிப் பிழைத்த வீடு அல்ல. அக்கம்பக்கத்துப் பெலிஸ்தர் பொறாமைப்படும் அளவுக்கு ஆடும் மாடும் இருந்தன. கேரார் என்ற ஊரில் விதைத்தார், அந்த வருடமே நூறு மடங்கு அறுத்தார். யாக்கோபு காய்ச்சிய கூழ்கூடப் பயிரிட்டு எடுத்த பயறு. இப்படிப்பட்ட வீட்டின் மூத்த மகன் வில்லை எடுத்துக்கொண்டு வெளியே போவது பிழைப்புக்காக அல்ல, பிடித்திருப்பதால். பின்னால் சேயீர் மலைக்குக் குடிபோகும்போது அவனே பெரிய மந்தைக்காரன்தான். அண்ணன் தம்பி இருவரின் மந்தைகளையும் அந்த நிலம் தாங்கவில்லை என்று 36ஆம் அதிகாரம் சொல்கிறது.

பிரசங்கத்துக்கும் ஆதாரம் குறைவு. மான் வகைகளையும் வரையாட்டையும் புசிக்கலாம் என்று பைபிளின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமம் 14ஆம் அதிகாரத்தில் பட்டியலே தருகிறது. வேட்டையில் பிடித்ததன் இரத்தத்தைச் சிந்தவிட்டு மண்ணால் மூடவேண்டும் என்பது இன்னொரு சட்ட நூலான லேவியராகமத்தின் விதி. சாலொமோன் ராஜாவின் அன்றாடச் சமையலுக்கு மான்கள் போயின. ஆக, வேட்டை இறைச்சி பந்திக்கு வரலாம். பலிபீடத்துக்கு மட்டும் வராது. அங்கே மாடு, செம்மறி, வெள்ளாடு, புறா, அவ்வளவுதான்.

ஏன் என்று நூல் சொல்லவில்லை. தாவீது ராஜா பலிபீடம் கட்டுவதற்காக அர்வனா என்பவனின் போரடிக்கும் களத்தைச் சும்மா வாங்க மறுத்து 50 சேக்கல் வெள்ளி கொடுக்கும் இடத்தில் எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. செலவில்லாமல் கிடைத்ததைப் பலியிடமாட்டேன் என்கிறான். கொடுக்கவேண்டுமானால் பொருள் முதலில் நம்முடையதாக இருக்கவேண்டும். காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை. (மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் போன மோரியாவில் புதரில் சிக்கிய ஆட்டுக்கடா மட்டும் யாருடையது என்று நீங்கள் கேட்கலாம். அது கர்த்தர் தந்தது என்றுதான் ஆபிரகாம் அந்த இடத்துக்கே பெயர் வைக்கிறார்.)

இங்கிருந்து ஈசாக்கைப் பாருங்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர். அப்பா ஊரை விட்டுக் கிளம்பி வந்தவர், மகன் யாக்கோபு ஆரானுக்கு ஓடப்போகிறவன். இவரோ கானானை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததே இல்லை. அப்பா தோண்டிய கிணறுகளைத் தூர்வாரிக்கொண்டு வாழ்கிறார். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தான். இவர் பால் மறந்த விருந்துக்குப் பிறகு அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். அந்த இஸ்மவேல் வனாந்தரத்தில் வளர்ந்து வில்வித்தையில் வல்லவன் ஆனான். பிறகு ஈசாக்குக்குப் பிறந்த இரட்டையரில் மூத்தவன் வில்லோடு திரிகிறான், தகப்பனுக்கு அவன்மேல்தான் பட்சம். வேட்டை இறைச்சியின் ருசி என்று நூல் காரணம் சொல்கிறது. தொழுவம் நிறைய ஆடு வைத்திருப்பவர் ஏங்குவது, தன் வேலிக்குள் இல்லாத ஒன்றுக்காக.

ஆனால் அந்த ருசி அவர் நாக்கிலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை. வேட்டை இறைச்சி கொண்டுவா, ஆசீர்வதிக்கிறேன் என்று ஏசாவை அனுப்பியவர், ரெபெக்காள் சமைத்து யாக்கோபு கொண்டுவந்த வெள்ளாட்டுக் குட்டியைச் சாப்பிட்டுவிட்டு மான் என்றே நம்புகிறார். சந்தேகம் வருவது குரலில், அதற்கும் முன்பாக நேரத்தில். இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது மகனே என்று கேட்கிறார். வேட்டை என்றால் காத்திருக்கவேண்டும், கிடைக்காமலும் போகலாம். முன்பு ஏசா வெளியிலிருந்து களைத்துவந்து கூழ் கேட்டதே அப்படி ஒரு வெறுங்கை நாளில்தான் என்று நினைக்கிறேன். இதனால்தான் உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. யாக்கோபின் திட்டத்தில் தற்செயலுக்கு இடமே இல்லை. ஆடு மந்தையிலிருந்து, அண்ணனின் உடுப்பு வீட்டிலிருந்து, சமையல் அம்மா கையால். இது முழுக்க வீட்டு ஆளின் வேலை.

ஆசீர்வாதத்தையும் கவனியுங்கள். வானத்துப் பனி, பூமியின் கொழுமை, தானியம், திராட்சரசம், ஜனங்கள்மேல் ஆளுகை. ஏசாவுக்கென்று நினைத்துச் சொன்னதில் வேட்டைக்காரனுக்கு உதவுவதாக ஒரு சொல்லும் இல்லை. வைத்துக் காப்பவனுக்கு உரிய சொத்து எல்லாம். ஏசா வைத்துக் காப்பவன் அல்ல. பசித்தால் உரிமையை விற்றுவிட்டு எழுந்து போகிறான். ஏமாந்தது தெரிந்ததும் உரக்கக் கதறி அழுகிறான், அப்பா போனபின் தம்பியைக் கொல்வேன் என்கிறான். அந்தக் கோபத்தையும் அவனால் கடைசிவரை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணனுக்குப் பயந்து ஆரானுக்கு ஓடிய யாக்கோபு 20 வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். எதிரே 400 பேரோடு அண்ணன். பயந்துபோய் வெள்ளாடு 220, செம்மறி 220, குட்டிகளோடு பால் ஒட்டகம் 30, மாடு 50, கழுதை 30 என்று முன்னே அனுப்புகிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே மொழி மந்தைதான். ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கே இருக்கட்டும் என்கிறான். வற்புறுத்தியபிறகே வாங்கிக்கொள்கிறான். பிரசங்கிகள் ஏன் இந்த 33ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் ஓட்டமாக ஓடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

வா, சேர்ந்தே போவோம் என்று ஏசா அழைக்கிறான். பிள்ளைகள் சிறியவர்கள், ஆடுமாடுகள் பால்கொடுக்கிறவை, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோகும், நீ முன்னே போ, நான் மெதுவாகச் சேயீருக்கு வந்துவிடுகிறேன் என்கிறான் யாக்கோபு. ஏசா நம்பிக் கிளம்புகிறான். யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் தனக்கு ஒரு வீடும் மந்தைகளுக்குக் கொட்டகைகளும் கட்டிக்கொள்கிறான்.