ராணுவப் பணிக்குக் கிளம்புமுன்: வாடகை, கடன், போன்

ராணுவ ரிசர்விலிருந்து (தேவைப்படும்போது அழைக்கப்படும் படை) ஓராண்டுப் பணிக்கு அழைப்பு, வாடகை வீடும் கார் லோனும் கிரெடிட் கார்டும் கையில் என்றீர்கள். அமெரிக்காவில் இதற்கென்றே, பணிக்குப் போகும் படைவீரர்களின் ஒப்பந்தம், கடன்களுக்குப் பாதுகாப்புத் தரும் எஸ்சிஆர்ஏ (SCRA) சட்டம் இருக்கிறது, ஆனால் எதுவும் தானாக நடக்காது.

முதலில் வீடு. வாடகை ஒப்பந்தத்தை இடையில் முடிக்க, பணி ஆணையின் நகலோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். நோட்டீஸுக்கு அடுத்து வரும் வாடகைத் தேதியிலிருந்து 30 நாள் கழித்தே ஒப்பந்தம் முடியும்: வாடகை 1ஆம் தேதி என்றால், செப்டம்பர் 10இல் கொடுத்த நோட்டீஸுக்கு அக்டோபர் 31இல்தான். அதனால் ஆணை கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளி, வாடகைத் தேதி தாண்டினால் ஒரு மாத வாடகை கூடுதல்.

பணிக்கு முன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்தில் வட்டி 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. மிச்ச வட்டி தள்ளிவைக்கப்படுவதில்லை, தள்ளுபடியே ஆகிறது. மாதத் தவணையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இதைக் கேட்டு, கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பணி முடிந்து 180 நாள் வரை கேட்கலாம். நடுவில் ரீஃபைனான்ஸ் மட்டும் செய்யாதீர்கள்: அது புதுக்கடன், இந்த உரிமை போய்விடும்.

போன் ஒப்பந்தத்தை ரத்து செய்ய, அந்தச் சேவை கிடைக்காத இடத்துக்கு 90 நாளாவது போகும் ஆணை வேண்டும்.

நீங்கள் இல்லாதபோது உங்கள் சார்பில் செயல்பட, நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுங்கள். முகாமின் சட்ட உதவிப் பிரிவில் இலவசமாகவே செய்து தருவார்கள். ஆட்டோபே போகும் கணக்கை மூடிவிடாதீர்கள்.