மாஜிஸ்திரேட் ஜட்ஜ் விசாரிக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ப்ளேனோவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். ஆலங்கட்டி மழையில் வீட்டுக் கூரை போய்விட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்ததால் 1,20,000 டாலர் கேட்டு மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். அந்தக் கம்பெனி வேறு மாநிலத்தைச் சேர்ந்தது. எதிர்வாதி அது மட்டும்தான். அவர்கள் வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ‘மாஜிஸ்திரேட் ஜட்ஜ் விசாரிக்கச் சம்மதமா?’ என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. என் வக்கீல் சம்மதிக்கலாம் என்கிறார். எதிர்த்தரப்பும் அதையே சொல்வதுதான் உறுத்துகிறது. ஊரில் அப்பாவிடம் சொன்னால், “மாஜிஸ்திரேட்டா? பெட்டி கேஸ் பார்க்கிறவர் ஆச்சே!” என்கிறார். கையெழுத்துப் போட மறுத்தால் ஜட்ஜின் கோபத்துக்கு ஆளாவேனா?

பதில்: அப்பா சொல்வது நம் ஊருக்குச் சரி. இங்கே பெயர்தான் ஒன்று, ஆள் வேறு.

முதலில் வழக்கு இடம் மாறியதைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏணிகள். மாநிலத்துக்கு ஒன்று, ஃபெடரல் அரசுக்கு ஒன்று. ஆகவே உங்கள் வழக்கு ‘மேல் கோர்ட்’டுக்குப் போகவில்லை, பக்கத்து ஏணிக்குத் தாவியிருக்கிறது. இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ ஒரு தரப்பு வெளிநாட்டுக் குடிமகனாகவோ இருந்து, தொகை 75,000 டாலரைத் தாண்டினால் எதிர்வாதி அப்படி மாற்றலாம். கிரீன் கார்டுக்காரருக்கு ஒரு விலக்கு உண்டு: அவர் நிரந்தரமாக வாழும் மாநிலத்தையே சேர்ந்தவர் எதிர்த்தரப்பு என்றால் இந்த வழியில் ஃபெடரல் கோர்ட்டுக்கு விசாரிக்கும் அதிகாரம் வராது. கம்பெனி டெக்சாஸில் பதிவாகாமல், தலைமையகமும் அங்கே இல்லாமல் இருந்தால் அந்த வாதம் உங்களுக்குக் கிடைக்காது. மாற்றிய முறையில் பிழை இருந்தால் அதை 30 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்பதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.

கோர்ட் மாறினாலும் வழக்கைத் தீர்க்கும் சட்டம் டெக்சாஸின் காப்பீட்டுச் சட்டம்தான். 1938-லிருந்து அதுதான் விதி. மாறுவது நடைமுறையும் ஜூரியும். டெக்சாஸ் மாநிலத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் 12 ஜூரிகளில் பொதுவாக 10 பேர் ஒத்துப்போனால் போதும். ஃபெடரல் கோர்ட்டில், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அங்கே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி ஜட்ஜ் விஷயம். ஃபெடரல் மாவட்ட நீதிபதியை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. ஓய்வு வயது கிடையாது. பதவியில் இருக்கும்வரை அவர் சம்பளத்தை யாரும் குறைக்க முடியாது. பதவியைப் பறிக்க வேண்டுமென்றால் கீழவை குற்றம் சாட்டி, செனட் விசாரித்துக் குற்றவாளி எனத் தீர்க்க வேண்டும். குடியரசின் இத்தனை கால வரலாற்றில் அப்படிப் பதவி இழந்த ஃபெடரல் நீதிபதிகள் 8 பேர்தான். டெக்சாஸ் மாநில நீதிபதிகளோ கட்சிச் சின்னத்தில் நின்று ஓட்டு வாங்கி வருகிறவர்கள்.

மாஜிஸ்திரேட் ஜட்ஜ் இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டார். தகுதி பார்க்கும் குழு ஒன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்துத் தர, அந்த மாவட்டத்தின் நீதிபதிகளே வாக்களித்து அவரை நியமிக்கிறார்கள். முழுநேரப் பதவி 8 ஆண்டு, மறுநியமனமும் உண்டு. 1968-ல் சட்டம் வந்தபோது வெறும் ‘மாஜிஸ்திரேட்’. 1990-ல்தான் ‘ஜட்ஜ்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். உங்கள் அப்பாவைப் போலக் குழம்பியவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள் போல! சம்பளம் மாவட்ட நீதிபதியின் சம்பளத்தில் 92 சதவீதம். ஆயுள் பதவி இல்லாதவர் முழு சிவில் வழக்கை நடத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிவம்.

மறுத்தால் கோபம் வருமா என்று கேட்கிறீர்கள். விதியே அதற்கு இடம் வைக்கவில்லை. படிவம் கோர்ட் கிளார்க்கிடம் போகிறது. எல்லோரும் சம்மதித்தால் மட்டுமே யார் என்ன சொன்னார்கள் என்பது நீதிபதிக்குத் தெரியலாம். ஒருவர் மறுத்தாலும், மறுத்தவர் யார் என்று அவர் காதுக்குப் போகக் கூடாது.

ஆனால் மறுத்துவிட்டால் மாஜிஸ்திரேட் ஜட்ஜிடமிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். பல பேர் சறுக்குவது இங்கேதான். சம்மதம் இல்லாமலே மாவட்ட நீதிபதி விசாரணைக்கு முந்தைய வேலைகளை அவரிடம் அனுப்பலாம். ஆவணம் காட்டவில்லை, சாட்சியிடம் வாக்குமூலம் எடுக்க விடவில்லை போன்ற சண்டைகளில் அவரே உத்தரவு போடுவார். வழக்கையே முடித்துவிடும் மனுக்களில் மட்டும் ‘அறிக்கையும் பரிந்துரையும்’ எழுதுவார். அதற்கு எழுத்தில் ஆட்சேபணை தர 14 நாள். தந்தால் ஆட்சேபித்த பகுதியை மாவட்ட நீதிபதி புதிதாக ஆராய்ந்தாக வேண்டும். கோட்டைவிட்டால் மேல்முறையீட்டில் அந்த வாதத்துக்கு அநேகமாக உயிர் இருக்காது. ‘வெறும் பரிந்துரைதானே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

சம்மதித்தால் இந்த இரட்டை வேலை மிச்சம். அவர் சொல்வதே தீர்ப்பு. மேல்முறையீடு நேராக நியூ ஆர்லியன்ஸில் உள்ள ஐந்தாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். பெரிய லாபம் தேதியில்தான். மாவட்ட நீதிபதிக்குக் கிரிமினல் வழக்குகளைக் காலக்கெடுவுக்குள் முடிக்கும் கட்டாயம் இருப்பதால் சிவில் வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போகும். பெருங்குற்ற விசாரணைகள் மாஜிஸ்திரேட் ஜட்ஜிடம் வருவதில்லை. ஆகவே அவர் தரும் தேதி பெரும்பாலும் நிற்கும். ஜூரி உரிமையும் அப்படியே இருக்கும். எதிர்த்தரப்பும் சம்மதிக்கச் சொல்வதில் சதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. செலவு அவர்களுக்கும்தான் குறைகிறது.

ஒரு எச்சரிக்கை. கொடுத்த சம்மதத்தைப் பிறகு மனம் மாறித் திரும்ப வாங்க முடியாது. அசாதாரணச் சூழல் இருப்பதாகக் காட்டினால்தான் உண்டு. அதனால் பதவியின் பெயரைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். அந்த மாஜிஸ்திரேட் ஜட்ஜ் காப்பீட்டு வழக்குகளில் முன்பு எழுதிய உத்தரவுகள் பொது ஆவணங்கள்தான். நாலைந்தைப் படித்துப் பார்த்துச் சொல்லும்படி வக்கீலிடம் கேளுங்கள். அவற்றில் உறுத்தும்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: மாநில நீதிமன்றத்திலேயே ஜூரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோமா? கொடுத்திருந்தால் மறுபடி கேட்க வேண்டியதில்லை. கொடுக்கவில்லையென்றால் அதற்கும் தனியாக ஒரு 14 நாள் கணக்கு உண்டு. அது ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கலாம். நாளைக்கே போன் செய்யுங்கள்.