மகள் வைரஸ் ஆய்வுக்குப் போகட்டுமா?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த மகள் மருத்துவம் வேண்டாம், ஆய்வகத்தில் மனிதத் திசுவை வளர்த்து வைரஸ்களை ஆராயப் போகிறேன் என்கிறாள்; "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான் அம்மா, அதுவும் மிகவும் தேவையான வேலை.

நோரோ வைரஸையே பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வீட்டையே படுக்க வைத்துவிடும். அதை 1972-லேயே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கத்தான் முடியவில்லை. கடைசியில் 2016-ல் ஹூஸ்டனில் மேரி எஸ்டஸ் குழுவினர், மனிதக் குடலின் ஸ்டெம் செல்களிலிருந்து (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) உருவாக்கிய குட்டிக் குடலில் அதை வளர்த்தார்கள். சில ரகங்களுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. நம் குடலுக்குள் இருக்கும் சூழல் அமைந்தால்தான் அது பெருகும். அதே ஆண்டில், கொசு பரப்பும் ஸிக்கா வைரஸ், கருவில் வளரும் மூளையின் எந்தச் செல்களை அழிக்கிறது என்பதும் இப்படி வளர்த்த மூளைத் திசுவில் தெரிய வந்தது.

தொற்றிவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத் தாங்கிய, உயிரைப் பறிக்கும் நிப்பா வைரஸை 1999-ல் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அத்தகைய வைரஸை இன்று மிக உயர்ந்த, நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் வளர்ப்பார்கள். இளங்கலை மாணவர் கையில் கொடுக்கவே மாட்டார்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அவளுக்குப் பொறுமை இருக்கிறதா? செல்களுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்ற வேண்டும், தைப்பூசமானாலும் சரி. அவை வளரும் ஜெல் குளிரில் நீர்போல இருக்கும், சூடு பட்டால் கெட்டியாகிவிடும். அதனால் ஐஸில் வைத்து, பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாகச் சட்டென்று விட வேண்டும். பூஞ்சை புகுந்தால் பல வார உழைப்பு குப்பைக்குப் போகும்.

அப்புறம் பணம். இளங்கலையோடு நிறுத்தினால் ஆய்வக உதவியாளர் வேலை, பினாங்கின் பாயான் லெப்பாஸ் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு என்று போகலாம். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் மாஸ்டர்ஸ், பிஎச்.டி. என்று இன்னும் பல வருடம் ஆகும். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் ஏதாவது திட்டம் இருந்தால், அதை இப்போதே அவளிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

பினாங்கிலுள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), மலாயாப் பல்கலைக்கழகம் இரண்டையும் விசாரிக்கலாம். பாடப்பிரிவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "இறுதியாண்டு ஆய்வில் மாணவர்களே செல் வளர்ப்பு செய்கிறார்களா?" என்று மகளையே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் யு.பி.யு. எனும் பல்கலைக்கழக விண்ணப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.