அம்மா பெயரில் டிரஸ்ட் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் 30 வருடம் பனியன் கம்பெனி நடத்தி, இப்போது விற்றுவிட்டேன். வயது 67. பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக 50 லட்சம் ரூபாயும் அவிநாசி பக்கம் 30 சென்ட் இடமும் தர்மத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். பில் கேட்ஸ், வாரன் பஃபெட் போன்றவர்கள் சொத்து முழுவதையும் கொடுப்பதாகப் படிக்கிறேன். நானும் அம்மா பெயரில் ஒரு டிரஸ்ட் தொடங்கலாமா, அல்லது உயில் எழுதினால் போதுமா? வரி மிச்சமாகுமா? அவர்கள் கொடுப்பதே வரிக்காகத்தான் என்கிறான் என் மகன்.

பதில்: உங்கள் மகனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கிய பங்கு நூறு டாலர் ஆன பிறகு விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. விற்காமல் அப்படியே அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டால் அந்த வரி கிடையாது, வருமானத்திலும் கழிவு கிடைக்கும். பணம் போனாலும் பிடி போகாது. சொந்த அறக்கட்டளை ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் செலவழித்தால் போதும், மீதியைக் குடும்பமே நிர்வகிக்கலாம்.

ஆனால் பஃபெட்டின் கணக்கு வேறு. அதுவரை கொடுத்த 4,100 கோடி டாலர் பங்குகளில், 1,000 டாலருக்குச் சுமார் 40 சென்ட் வரிதான் தனக்கு மிச்சமானது என்று 2021-இல் அவரே சொன்னார். கழிவுக்கு உச்சவரம்பு வருமானத்தை வைத்துத்தான். சொத்து மலையளவு, வருமானம் சொற்பம் என்றால் கழிவும் சொற்பமே.

உங்களுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. புதிய வரி முறையில் இருந்தால், நன்கொடைக்கான 80ஜி பிரிவுக் கழிவே கிடையாது. பழைய முறையில், ஆண்டு வருமானம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடையில், வருமானத்தின் 10 சதவீதம், அதாவது 1.5 லட்சம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் பாதிக்குத்தான் கழிவு: 75,000 ரூபாய். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸையும் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து மிச்சமாவது 23,400. மொத்த 50 லட்சத்தையும் ஒரே வருடத்தில் கொடுத்தாலும் இவ்வளவுதான், மீதியை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக முடியாது. (2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டது, ஆனால் எல்லாரும் இன்னும் 80ஜி என்றுதான் சொல்கிறோம்.) வரிக்காகக் கொடுக்காதீர்கள். கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், சில வருடங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

சரி, டிரஸ்ட். வேண்டாம் என்பதே என் கருத்து.

அம்மா பெயரில் டிரஸ்ட் தொடங்கிய ஒருவரின் கணக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியில் 40 லட்சம், வட்டி வருடத்துக்கு 2.8 லட்சம். தணிக்கை, வரித் தாக்கல், கணக்கு எழுதுபவர் சம்பளம் என்று 40,000 போய்விடும். மிச்சத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம். வரிவிலக்கு வேண்டுமானால் அந்த வருட வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்மத்துக்குச் செலவழித்தாக வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் தகுதியான மாணவரைத் தேடி அவர் அலைந்ததை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. புதிய டிரஸ்டுக்கு முதலில் கிடைப்பது 3 ஆண்டுக்கான தற்காலிகப் பதிவுதான், அப்புறம் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அவர் தேதியைத் தவறவிட்டார். கோடீஸ்வரர்களுக்கு இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. உங்களுக்கு? உங்கள் மகன்தான் செய்ய வேண்டும், அவர் பேச்சைப் பார்த்தால் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மா பெயர் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்குச் சுலபமான வழி உண்டு. கோயிலில் ஒருவர் பெயரில் கட்டளை வைப்பதுபோல, நல்ல கல்லூரியிலோ மருத்துவமனையிலோ மூலநிதியாகக் கொடுங்கள். முதல் அப்படியே இருக்கும், வட்டியில் வருடா வருடம் உதவித்தொகை போகும். நிர்வாகம் அவர்கள் தலைவலி.

உயிலா, இப்போதேவா? 2010-இல் கேட்ஸும் பஃபெட்டும் தொடங்கிய 'கிவிங் பிளெட்ஜ்' வெறும் வாக்குறுதிதான். வாழும்போதோ உயில் மூலமோ பாதிச் சொத்தாவது கொடுப்பேன் என்பார்கள், சட்டப்படி யாரையும் கட்டாது. 2013-இல் அதில் சேர்ந்த அசிம் பிரேம்ஜி, விப்ரோ நிறுவனத்தின் மொத்தப் பங்குகளின் பலனில் 67 சதவீதத்தை 2019-க்குள் தம் அறக்கட்டளைக்கு மாற்றியேவிட்டார். சொன்னது வேறு, செய்தது வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. பஃபெட்டோ, தன் இறப்புக்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளைக்குப் பணம் போகாது, மூன்று பிள்ளைகளும் சேர்ந்து முடிவு செய்வார்கள் என்று 2024-இல் சொல்லிவிட்டார். கடைசி வரை மாற்றலாம் என்பது உயிலின் வசதி, அதுவே அதன் பலவீனமும்.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. ஆங்கிலேயருக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த பச்சையப்ப முதலியார் 1794-இல் தர்மத்துக்கு உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். சொத்து வழக்கில் சிக்கியது. அந்தப் பணத்தில் சென்னையில் பள்ளி திறந்தது 1842-இல். 48 வருடம்!

இதற்கு நேரெதிர் சக் ஃபீனி. விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்திச் சம்பாதித்த அமெரிக்கர். 1984-இல் தன் பங்கு முழுவதையும் யாருக்கும் தெரியாமல் அறக்கட்டளைக்கு மாற்றினார், விஷயம் 1997 வரை வெளியே வரவில்லை. 800 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து முடித்து, 2020-இல் அறக்கட்டளையையே மூடினார். தனக்கென்று வைத்துக்கொண்டது சுமார் 20 லட்சம் டாலர். வாடகை வீடு, கையில் 15 டாலர் கடிகாரம். இதில் நான் கவனிப்பது எளிமையை அல்ல, தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டாரே, அதை.

67 வயதில் ஒரு ஆபரேஷன், ஐசியூவில் இரண்டு வாரம் என்றால் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்த வருடம் 10 லட்சம் கொடுத்துப் பாருங்கள். உதவித்தொகை யாருக்குப் போனது என்று கேளுங்கள், ஒழுங்காகப் பதில் வந்தால் அடுத்த வருடம் இன்னொரு 10. மிச்சத்தை உயிலில் எழுதுங்கள். நிறுவனத்தின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும், சாட்சி இரண்டு பேர் கட்டாயம், நிறைவேற்றுபவர் உங்களைவிட இளையவராக இருக்கட்டும்.

இடம்தான் கொஞ்சம் சிக்கல். அது நீங்கள் சம்பாதித்ததா, பூர்வீகமா? பூர்வீகம் என்றால் உங்கள் பங்கு மட்டுமே உங்கள் இஷ்டம். தானப் பத்திரம் எழுதினால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் 80ஜி பணத்துக்குத்தான், நிலத்துக்கு இல்லை. முத்திரைக் கட்டணமும் உண்டு. 30 சென்டை வாங்கிக்கொண்டு வேலி போட்டுக் காவல் காக்க எந்தக் கல்லூரியும் விரும்பாது. முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விற்று, வரி கட்டி, பணமாகக் கொடுங்கள்.

எதைக் கொடுத்தாலும் செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. 'மூலநிதிக்காக' என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்து, ரசீதிலும் அதே வார்த்தை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.