உங்கள் மகளைப் போலவே அந்தப் பன்றிக்குட்டியும் சாப்பிட மறுத்தது

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கோடை விடுமுறையில் ‘பேப்’ என்ற ஆங்கிலப் படத்தைக் காட்டினோம். பன்றிக்குட்டி ஒன்று ஆடு மேய்க்கும் கதை. அதன்பிறகு அவளே கேட்டு மூன்று முறை பார்த்துவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் ஆட்டுக்கறியைத் தொட மறுக்கிறாள். “இந்த ஆடும் பேசியிருக்குமா அம்மா?” என்று கேட்கிறாள். இளவயதில் ஊரில் ஆடு வளர்த்த என் மாமனார், இத்தகைய படங்கள் பிள்ளையின் மனத்தைக் கெடுத்துவிடும், நிறுத்திவிடு என்கிறார். சோகமான இடங்களை மட்டும் ஓட்டிவிட்டுக் காட்டலாம் என்பது கணவரின் யோசனை. பேசும் பிராணிகளிடம் அப்படி என்னதான் இருக்கிறது? நான் என்ன செய்வது?

பதில்: படத்தை நிறுத்தாதீர்கள். எந்தக் காட்சியையும் ஓட்டிவிடவும் வேண்டாம். கறி சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெகு தூரத்தில் இல்லை.

பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர்களை உட்காரவைத்துப் படம் காட்டி, படம் முடிந்ததும் அவர்களோடு பேசி வருகிறேன். பண்ணை விலங்குகள் பேசும் படம் காட்டிய நாட்களில்தான் மிகக் கடினமான கேள்விகள் வரும். பேய்ப்படம் பார்த்த பிள்ளை “பேய் உண்டா?” என்று கேட்கும், பதில் சொல்வது எளிது. பண்ணைப் படம் பார்த்த பிள்ளை, “அதை எதற்காக வளர்க்கிறார்கள்?” என்று கேட்கும். இந்தப் படங்களின் ஈர்ப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சிங்கமும் நரியும் பேசும் காட்டுக் கதைகள் நமக்குப் பஞ்சதந்திரத்திலிருந்தே பழக்கம். அங்கே விலங்குக்கு விலங்குதான் பெரும்பாலும் எதிரி. மனிதன் எப்போதாவது வலையோடு வந்து போவான். பண்ணையில் நிலைமை வேறு. தீனி வைப்பதும், இரவில் கதவைத் தாழிடுவதும், ஒருநாள் கத்தியை எடுப்பதும் ஒரே கை. ஆறு வயதுப் பிள்ளையும் பெரியவர்களின் கையை நம்பித்தான் இருக்கிறது. எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எந்த வீட்டில் இருப்பது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். ‘இந்த வீட்டில் என்னை எதற்காக வைத்திருக்கிறார்கள், நான் இவர்களுக்கு வேண்டியவள்தானா?’ என்ற ஐயம் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்போதாவது எழும். அதை வாய்விட்டுக் கேட்க அந்த வயதில் சொற்கள் இருக்காது. பன்றிக்குட்டி அவளுக்காகக் கேட்கிறது.

1995இல் வெளிவந்த ‘பேப்’ அந்தக் கேள்வியை மழுப்பவே இல்லை. ஹாகெட் என்ற விவசாயியின் பண்ணையில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வேலை உண்டு. நாய் ஆட்டை ஓட்டுகிறது, கோழி முட்டையிடுகிறது. பன்றிக்கு ஒரு வேலையும் இல்லை. ஃபெர்டினண்ட் என்ற வாத்து விடியற்காலையில் சேவலைப் போலக் கூவுகிறது. பயனுள்ள வேலை ஒன்று கையில் இருந்தால் தன்னைச் சமைக்க மாட்டார்கள் என்பது அதன் கணக்கு. வீட்டுக்கு அலாரக் கடிகாரம் வந்ததும் அந்த வேலையும் போகிறது. பிள்ளைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். கிறிஸ்துமஸ் விருந்தில் பேப் தப்பிக்கிறது. வேறொரு வாத்து மேசைக்கு வருகிறது. அதை ஃபெர்டினண்ட் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறது.

இவ்வளவு கனமான கதையை ஆறு வயதுப் பிள்ளை எப்படித் தாங்குகிறது? விலங்குகள் பேசும் விதத்தில் ஒரு விதி இருக்கிறது. அவை தங்களுக்குள் மட்டும்தான் பேசிக்கொள்கின்றன. மனிதர் காதில் அது விழுவதே இல்லை. பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து பிள்ளைகள் தங்கள் உலகத்தைப் பேசுவார்களே, அதே போல. படம் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது. படத்தில் இருக்கும் பெரியவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற பலம் அதற்குக் கிடைக்கிறது.

படமாக்கிய விதத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள ராபர்ட்சன் என்ற ஊரில் உண்மையான விலங்குகளைக் கொண்டு எடுத்தார்கள். பன்றிக்குட்டி மிக வேகமாக வளர்ந்துவிடும் என்பதால், பேப் என்ற ஒரே பாத்திரத்துக்கு 48 குட்டிகளைப் பயன்படுத்தினார்கள். சில காட்சிகளில் இருப்பவை ஜிம் ஹென்சன் நிறுவனம் செய்த இயந்திரப் பொம்மைகள். உண்மையான விலங்குகளின் வாயசைவைக் கணினியில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு ‘அப்பல்லோ 13’ என்ற விண்வெளிப் படத்தை முந்திக்கொண்டு, காட்சித் தந்திரத்துக்கான ஆஸ்கர் இந்தப் பன்றிக்குட்டிக்குக் கிடைத்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய கட்டுப்பாடுதான். வாய்தான் பேசுகிறது, கண் விலங்கின் கண்ணாகவே இருக்கிறது. கேலிச்சித்திரப் பன்றியின் புருவம் ஏறி இறங்கும், பிள்ளைக்கு அது வேடிக்கை என்று தெரிந்துவிடும். இந்தக் குட்டியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. உங்கள் மகள் ஆட்டைப் பற்றிக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, ஓட்டிவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மனிதர்கள் பன்றியை எதற்காக வளர்க்கிறார்கள் என்பதைப் பூனைதான் முதலில் குட்டியிடம் சொல்கிறது, வன்மத்தோடு சொல்கிறது. குட்டி, தன்னைப் பிள்ளையாக வளர்க்கும் ஃப்ளை என்ற நாயிடம் ஓடி, அது உண்மையா என்று கேட்கிறது. நாய் பொய் சொல்லவில்லை. உண்மைதான் என்கிறது, அன்போடு சொல்கிறது. குட்டி மழையில் எங்கோ ஓடிப்போகிறது. கண்டுபிடித்துத் தூக்கிவந்த பிறகு அது சாப்பிட மறுக்கிறது.

கவனித்தீர்களா? உங்கள் மகள் செய்வதும் அதுதானே.

விவசாயி அப்போது என்ன செய்கிறார்? அதட்டவில்லை. குட்டியை மடியில் போட்டுப் புட்டியில் பால் காட்டுகிறார். மெல்லப் பாடுகிறார். படம் முழுவதும் பத்துச் சொல் சேர்ந்தாற்போல் பேசாத அந்த நெட்டை மனிதர், பிறகு எழுந்து குட்டிக்காகத் துள்ளித் துள்ளி ஆடுகிறார். குட்டி குடிக்கத் தொடங்குகிறது. உங்கள் கணவர் சோகத்தை ஓட்டிவிட்டால் இந்த ஆட்டத்துக்கு அர்த்தமே இருக்காது. பயம் எங்கே வரும், எப்போது தீரும் என்பது அவளுக்கு இப்போது மனப்பாடம். அவள் மறுபடி மறுபடி பார்ப்பது அந்தத் தீர்வுக்காகத்தான். காட்டுநாய்கள் ஆடுகளைக் கடிக்கும் காட்சியில் மட்டும் ஒலியைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தில் போய் உட்காருங்கள். அது போதும்.

“இந்த ஆடும் பேசியிருக்குமா?” என்ற கேள்விக்கு ஃப்ளை சொன்னதைப் போலச் சொல்லுங்கள். “நம்மைப் போலப் பேசாது. ஆனால் தாய் ஆட்டுக்குத் தன் குட்டியின் குரல் தெரியும். அதற்குப் பயமும் வலியும் உண்டு.” இதுதான் அந்த ஆட்டின் கறியா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். அவள் சாப்பிட மறுத்தால் முட்டை, பருப்பு, தயிர், கடலை இருக்கின்றன. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. முட்டையும் பாலும்கூட வேண்டாம் என்று நாட்கணக்கில் ஒதுக்கினால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்: கறியை நன்றாக அரைத்து வேறொன்றில் கலந்து, “இதில் கறியே இல்லை” என்று ஊட்டாதீர்கள். ஒருநாள் அவளுக்குத் தெரியவரும். அன்று கறியோடு உங்கள் சொல்லின் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். விவசாயியாக நடித்த ஜேம்ஸ் கிராம்வெல் இறைச்சியை முன்பே விட்டிருந்தவர், அந்தப் படத்தில் நடித்த பிறகு பாலையும் முட்டையையும்கூட விட்டுவிட்டார். உங்கள் மகளும் அப்படி ஆகலாம், அடுத்த மாதமே மறந்துபோய்க் குழம்பு கேட்கவும் செய்யலாம். இரண்டையும் அவளிடமே விடுங்கள்.

உங்கள் மாமனாரின் கோபத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். இந்தக் கதைகளை எழுதியவர்களே அவரைப் போன்றவர்கள்தான். ‘பேப்’ படத்துக்கு மூலமான 1983ஆம் ஆண்டு நாவலை எழுதிய டிக் கிங்-ஸ்மித், இங்கிலாந்தில் சுமார் இருபது ஆண்டுகள் விவசாயம் செய்தவர். பன்றிக்குட்டியைக் காப்பாற்றும் சிலந்தியின் கதையை 1952இல் எழுதிய ஈ.பி. ஒயிட், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பன்றி வளர்த்தவர். இறைச்சிக்காக வளர்த்த ஒரு பன்றி நோயில் விழுந்தபோது இரவும் பகலும் அதற்குப் பணிவிடை செய்து, அது இறந்ததும் துக்கப்பட்டதை 1948இல் ஒரு கட்டுரையாக எழுதினார். கிடாய்க்குப் பெயர் வைத்து வளர்த்து, அதைக் கோயிலுக்கு விட்ட வீடுகளில் உள்ளவர்களுக்கு இந்த மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை. மாமனாரை மகளின் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வளர்த்த ஆடுகளைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். பெயர்களும் நினைவிருக்கும். விற்ற நாளும் நினைவிருக்கும். அதையும் சொல்லட்டும்.

அடுத்து எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒயிட்டின் கதையை 2006இல் ‘சார்லட்ஸ் வெப்’ என்ற படமாக எடுத்தார்கள். அதில் சிலந்தி முட்டைப்பையை விட்டுவிட்டுத் தனியாக இறந்துபோகிறது. ஓராண்டு பொறுத்துக் காட்டுங்கள். ‘சிக்கன் ரன்’ (2000) நல்ல படம், ஆனால் முட்டையிடாத கோழியைத் தொடக்கப் பகுதியிலேயே வெட்டிவிடுகிறார்கள். எட்டு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். இப்போதைக்கு 2015இல் வந்த ‘ஷான் த ஷீப் மூவி’ போதும். அந்த ஆடுகள் பேசுவதில்லை, மனிதர்களும் வெறும் முனகல்தான்; ஆங்கிலம் தெரியாத தாத்தாவும் சேர்ந்து சிரிக்கலாம். 1954இல் வந்த ‘அனிமல் ஃபார்ம்’ கேலிச்சித்திரப் படத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அட்டைப் படத்தைப் பார்த்துச் சிறுவர் படம் என்று ஏமாந்த பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். உழைத்து ஓய்ந்த குதிரையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடும் கொடுமையைத் தாங்கப் பன்னிரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

‘பேப்’ படத்தை ஐந்தாம் முறை போடச் சொல்லி மகள் கேட்பாள். போடுங்கள். விவசாயி எழுந்து ஆடும் இடம் வந்ததும், அவர் ஏன் ஆடுகிறார் என்று அவளிடம் கேளுங்கள். பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.